வேட்டிக்கு முன்னால் இரண்டு பூனைகள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள். அங்கே உட்கார்ந்தால் குடோன் கதவு நேராகத் தெரியும். வெயிலடிக்கும் என்பதற்காகச் சொன்னேன், வேறொன்றுமில்லை.

பூனையைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்கிறீர்கள். உடுமலைப் பக்கம் மக்காச்சோளக் குடோன் வைத்திருக்கிறீர்கள், எலித் தொல்லை, திருப்பூர்ப் பெண் வினோதினி பூனை தருவதாகச் சொன்னாள், ஏற்கெனவே வாங்கியவர் காங்கயத்தில் சென்னியப்பன் என்று ஒருவர், அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவளே வழியும் சொன்னாள். இருக்கலாம். ஆனால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. அப்படியிருக்க, என்னிடமே எதற்கு ஆள் அனுப்புகிறாள்? சோளக்காரர் செருப்பில் தூசி இல்லை, அதையும் பார்த்தேன். துடைத்துவிட்டு வந்தேன் என்பீர்கள். சரி, அதுவும் இருக்கலாம்.

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். உங்களை யார் அனுப்பியிருந்தாலும் இதையே போய்ச் சொல்லுங்கள்.

எனக்குத் தொழில் கொப்பரை. தேங்காயை உடைத்துக் களத்தில் காயப்போட்டு, பருப்பைப் பெயர்த்து மூட்டை பிடித்து, விலை வரும்போது எண்ணெய் மில்லுக்குக் கொடுப்பது. இதில் காயப்போடுவதை யாரும் செய்யலாம். விலை வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தொழில். என் குடோனில் எவ்வளவு நிற்கிறது, எது பழைய சரக்கு, எந்த மூலையில் அடுக்கியிருக்கிறது, இதெல்லாம் எனக்கும் குடோன் சுவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். வெளியே தெரிந்தால் மில்காரன் அவசரப்பட மாட்டான். இவன் எப்படியும் விற்றாக வேண்டும் என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கிழக்கே நீலத் தகரக் கூரை தெரிகிறதே, அது நல்லமுத்துவின் களம். என் சகலை. என் வீட்டுக்காரி சாந்தாமணியின் தங்கை கோகிலாவைக் கட்டியவன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே லாரியில்தான் சரக்கு ஏற்றுவோம். ஒரு வருடம் விலை சரிவதற்கு முதல் நாள் தன் சரக்கை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டான். கேட்டால், "எனக்கு மட்டும் கனாவுலயா தெரியுமுங்க சகலை? கைச்செலவுக்கு வேணுமின்னு வித்தனுங்க" என்றான். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து அவன் களத்தில் நான் கால் வைத்ததில்லை. எட்டு வருடம். அக்காளும் தங்கையும் மட்டும் தினம் காலையில் போனில் பேசிக்கொள்வார்கள். அதை நான் தடுக்கவில்லை. பெண்கள் பேச்சு. என்ன குழம்பு, யாருக்குச் சளி, அவ்வளவுதான்.

போன வருடம் எலி வந்தது. கொப்பரையை எலிக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாக்கைக் கடித்து, பருப்பைக் குடைந்து, குடைந்ததற்குள்ளேயே புழுக்கை போட்டு வைக்கும். மருந்து வைத்தோம். தின்ற எலி வெளியே வந்து சாகுமா? அடுக்குக்கு அடியில் போய்ச் செத்தது. நாற்றம் பருப்பில் இறங்கி மில்காரன் ஒரு லோடைத் திருப்பி அனுப்பினான்.

அப்போதுதான் சாந்தாமணி எங்கிருந்தோ இந்த வினோதினியின் நம்பரைப் பிடித்தாள். தெருப் பூனைகளைப் பிடித்து, வைத்தியம் பார்த்து, குட்டி போடாமல் ஆபரேஷன் செய்து, வீட்டில் வளர்க்க ஆகாத முரட்டுப் பூனைகளை மாட்டுக்கொட்டகை, மில், குடோன் என்று கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். இனாமாக.

இனாம் என்றதுமே எனக்கு உறுத்தியது. உங்களுக்கு உறுத்தவில்லையா?

பூனையைக் கொண்டுவருவாள் என்று பார்த்தால், முதலில் வெறுங்கையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இடம் பார்க்க வேண்டுமாம். மெயின் ரோடு எவ்வளவு தூரம், நாய் உண்டா, மருந்து இன்னும் வைக்கிறீர்களா, ஞாயிற்றுக்கிழமை சோறு வைப்பது யார், உயரமான இடம் இருக்கிறதா என்று ஒரே கேள்வி. என் மகளைப் பார்க்க வந்தவர்களிடம் நான் இத்தனை கேட்டதில்லை.

"பூனைதானே அம்முணி குடுக்கற? பொண்ணா குடுக்கற?" என்றேன்.

"பொண்ணுன்னா பிடிக்காட்டிக் கெளம்பி வந்துருமுங்க அங்கிள். இதுக்கு பஸ் ஏறத் தெரியாது" என்றாள்.

வாய் இருந்தது. சரி என்று குடோனைத் திறந்து காட்டினேன். போனை எடுத்து நாலு பக்கமும் போட்டோ பிடித்தாள். "எதுக்கு அம்முணி இதெல்லாம்?" என்றால், கூண்டு எங்கே வைப்பது என்று மற்றவர்களுடன் பேசி முடிவு செய்ய என்கிறாள். மற்றவர்கள் யார்? பூனைக்கு எதற்கு மேற்கு மூலைப் போட்டோ? அங்கேதான் பழைய சரக்கு நிற்கிறது. நாலு மாதமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் சரக்கு. சாந்தாமணி டீ கொடுத்தாள். "சக்கரை வேண்டாமுங்க அம்மா" என்றாள் அந்தப் பெண். நல்லமுத்துவும் சர்க்கரை போடுவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வண்டியில் பூனைகள் வந்தன. திருப்பூரில் ஒரு பழைய பனியன் கம்பெனியை இடித்தபோது அங்கே இருந்தவையாம், ஒரே ஈற்று. ஒன்று செவலைக் கடுவன். இன்னொன்று பெட்டை, கருப்பு, நாலு காலும் வெள்ளை. இரண்டுக்கும் இடது காது நுனி இல்லை.

"காதெங்க?"

"ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளமுங்க அங்கிள். மறுக்கா யாரும் புடிச்சு அறுத்துறக் கூடாதில்லீங்களா."

மாட்டுக்குச் சூடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடையாளம் எதற்குப் போடுவார்கள்? நாளைக்கு வந்து இது என்னுது என்று சொல்வதற்கு. அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பெரிய கம்பிக் கூண்டை இறக்கினார்கள். ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரியது. மூன்று வாரம் பூனைகள் அதற்குள்ளேயே குடோனில் இருக்க வேண்டுமாம். வேளைக்குச் சோறு, ஒரே ஆள் வைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும்.

"எலி புடிக்க வந்ததுகள ஜெயில்ல போடச் சொல்றயா அம்முணி?"

"இது நம்ம எடம்னு அதுகளுக்கு மனசுல உழோணுமுங்க. இந்த வாசம், இந்தச் சத்தம், உங்க கொரலு எல்லாம் பழகோணும். அதுக்கு முன்னால வெளிய உட்டா பழைய எடத்தத் தேடிக் கெளம்பிருமுங்க. கம்பெனிய இடிச்சாச்சு. அதுகளுக்கு யாரு போயிச் சொல்றது? நடுவுல ரோடு வேற."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் சந்தேகம். அவள் வாரம் ஒரு தரம் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். ஆக, வாராவாரம் என் குடோனுக்குள் ஒரு ஆள். முடியாது என்றேன். அப்படியானால் வாரம் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் கூண்டை அப்படியே வண்டியில் ஏற்றியிருப்பாள், சாந்தாமணி என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

போட்டோ எடுக்கும்போது பார்த்தால், பூனைக்குப் பின்னால் அத்தனை மூட்டையும் தெரிகிறது. எந்த வரிசை, எத்தனை உயரம், எல்லாம். சாந்தாமணியிடம் வெள்ளை வேட்டி ஒன்று வாங்கிக் கூண்டுக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இப்போது பூனை மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ மாதிரி, வேட்டிக்கு முன்னால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அனுப்பினேன்.

அடுத்த வாரமும் அதே மாதிரி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அங்கிள், பின்னால என்னமோ துணி தொங்குதுங்களே. அத எடுத்துட்டு ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்."

பார்த்தீர்களா? பூனையைப் பார்க்க வேட்டி எங்கே மறைக்கிறது? பூனைக்குப் பின்னால்தானே இருக்கிறது?

"பூனைக்குக் காத்து ஆகாதுன்னு கட்டியிருக்கறேன் அம்முணி" என்றேன்.

"சரி, வீடியோ அனுப்புங்க."

வேட்டிக்கு முன்னால் வீடியோ எடுத்து அனுப்பினேன். செவலை கொட்டாவி விட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்கிறாள், "இது இன்னைக்கு எடுத்ததுங்களா?" என்று. வேறொரு இடத்தில் பூனை செத்துப்போன பிறகும் பழைய போட்டோவையே மாற்றி மாற்றி அனுப்பினார்களாம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். எவ்வளவு சந்தேகம் பாருங்கள் மனிதர்களுக்கு.

அந்த நாட்களில் நான் அவற்றுக்கு என்ன குறை வைத்தேன்? அவள் கொடுத்த தீனி பத்தாது என்று எனக்குத் தோன்றியது. ஈரல் வாங்கிவந்தேன். எனக்குத்தான் வாங்கினேன், மிச்சத்தை வைத்தேன். வெள்ளைக்கால் என்னைக் கண்டால் சீறும். ஆனால் சீறிவிட்டுச் சாப்பிடும். செவலை சீறுவதை நிறுத்திவிட்டது. நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதே எழுந்து நிற்கும். கூண்டைத் திறக்கவே இல்லை, அதற்குள் எலி குறைந்துவிட்டது. வாசத்துக்கே ஓடிவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அது பருவம் மாறியதால் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரக் கடைசியில், திறந்துவிட இரண்டு நாள் இருக்கும்போது, மதியத்துக்கு மேல் போன் அடித்தாள். "பக்கத்துலதான் வந்தமுங்க அங்கிள். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றம்." பாத்துட்டுப் போயிர்றம். தான் மட்டும் இல்லை. கூட ஒரு ஆள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வராதே என்றால் பூனையைக் கொன்றுவிட்டேன் என்பாள். வா என்றால் குடோனைத் திறக்க வேண்டும். நான் யோசித்து நல்ல வழிதான் செய்தேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரை விட்டுக் கூண்டைத் தூக்கித் தோப்புக்குள் மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். காற்றோட்டத்துக்காக இங்கே வைத்திருக்கிறோம் என்று காட்டிவிடலாம். அவள் பார்க்க வந்தது பூனையை. பூனையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் கூண்டின் கதவுக் கொண்டி சரியில்லை. அது அவர்கள் கொடுத்த கூண்டு. வரப்பில் கால் தடுக்கி ஒரு பக்கம் சாய்ந்தது, கதவு திறந்துகொண்டது, செவலை வெளியே பாய்ந்தது. ஒரு நிமிடம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். நான் பேர் வைக்கவில்லை. ஒரு தென்னை மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

அவள் வந்தாள். மோட்டார் ரூமில் வெள்ளைக்கால் மட்டும் மூலையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தாள். கூட வந்த பையன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை.

"எதுக்குங்க அங்கிள் எடத்த மாத்துனீங்க?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னுதான் அம்முணி."

"மூணு வாரமா அது குடோனத்தானுங்க படிச்சுது. இந்தத் தோப்பு அதுக்குத் தெரியாது. இப்ப எந்தத் தெசையப் பாத்து வரும்?"

சொல்லிவிட்டுத் தீனித் தட்டை எடுத்துத் தட்டிக்கொண்டே தோப்புக்குள் நடந்தாள். பொழுது சாய்கிறவரை நடந்தாள். ரோட்டோரம், வாய்க்கால், சிரட்டைக் குவியல் எல்லாம் பார்த்தாள். நானும் போனேன். என் இடத்தில் ஒரு பெண் தனியாகச் சுற்றுவதை விட முடியுமா? பிறகு அவள் நேராக நல்லமுத்துவின் களத்துக்குப் போய்க் கேட்டாள். அவன் அங்கிருந்து நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் களத்துக்குள் வந்துவிட்டான். எட்டு வருடத்துக்குப் பிறகு. பூனையைத் தேடவாம்.

வந்தவன் சும்மா இருந்தானா? "ஏனுங்க சகலை, மேக்கு மூலைல பழைய சரக்கு அடுக்கியிருக்கறீங்கல்ல, அதுக்குப் பின்னால ஏதாச்சும் பூந்திருக்குதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டான். எல்லாருக்கும் முன்னால்.

நான் அங்கேயே விரலை மடக்கி எண்ணினேன். மேற்கு மூலைக்குள் போனவர்கள் யார்? நான். மூட்டை தூக்குகிற ஆட்கள், அவர்கள் இரண்டு களத்திலும்தான் வேலை செய்கிறார்கள், ஆனால் எனக்கு இருபது வருடப் பழக்கம், சொல்ல மாட்டார்கள். சாந்தாமணி, அவள் சோறு வைக்கப் போனாள், அவளை விடுங்கள். மிச்சம் யார்? போட்டோ எடுத்த வினோதினி. அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு வாரத்தில் செவலை அகப்பட்டது. எங்கே? நல்லமுத்துவின் களத்தில், சிரட்டைக் குவியலுக்குப் பின்னால். எப்படி அங்கே போனது? தானாகப் போனதாம். நான் போய்க் கேட்கவில்லை. அவன் அதை ஒரு அறையில் அடைத்து, அவள் சொன்னபடி மூன்று வாரம் வைத்திருந்து திறந்துவிட்டான். வாராவாரம் போட்டோவும் அனுப்பியிருக்கிறான். மூட்டையெல்லாம் தெரிய எடுத்ததாக சாந்தாமணி சொன்னாள். வெட்கமில்லாத மனிதன். இப்போது அவன் குடோனில் எலி இல்லை. இனாமாக ஒரு பூனை. கடைசியில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள், யார் செய்த வேலை என்று தெரிந்துவிடும்.

நம்பவில்லையா? நம்ப வேண்டாம்.

வெள்ளைக்கால் இங்கே இருக்கிறது. அன்றே குடோனுக்குள் கொண்டுவந்துவிட்டோம், நாள் முடிந்து திறந்தும் விட்டோம். ஓடவில்லை. எலியைப் பிடித்து அலுவலக வாசலில் கொண்டுவந்து போடும். ஆனால் முன்போல் சாப்பிடுவதில்லை. அடுக்கின் மேலே ஏறி அந்தக் கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளும். நான் ஈரலோடு கீழே நிற்பேன். திரும்பாது. சீறவாவது செய்யலாம், அதையும் விட்டுவிட்டது. வைத்தியரிடம் காட்டினேன், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். கூடப் பிறந்தது ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அவரிடமும் வினோதினி பேசியிருப்பாள் போல.

முந்தாநாள் அவள் போன் செய்தாள். "ரெண்டையும் பிரிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னனுங்க அங்கிள். சின்னதுலருந்து ஒண்ணாவே இருந்ததுக. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க போயிச் செவலையக் கூட்டிட்டு வந்துருங்க, நல்லமுத்து அங்கிள் குடுக்கறன்னு சொல்லிட்டாரு. இல்லாட்டி நான் வந்து கருப்பிய அங்க கொண்டுபோயி உட்டுர்றேன்."

கொடுக்கிறேன் என்றானாம். எதற்குக் கொடுக்கிறான்? நான் அவன் களத்துக்குள் போய், அவன் முன்னால் நின்று, சகலை, பூனையைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பான். அதுதான் எனக்குத் தாங்காது. சிரித்துக்கொண்டே கொடுப்பான், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பான். கேட்காவிட்டால் வெள்ளைக்கால் போய்விடும். குடோனுக்கு எலி வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. இன்றைக்குப் பார்த்து நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அதனால்தான் யோசிக்கிறேன், உங்களை அனுப்பியது யார் என்று. வெள்ளைக்காலைப் பிடித்துப்போக ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம். நல்லமுத்து அனுப்பியும் வந்திருக்கலாம், நான் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறேன் என்று பார்க்க. உண்மையிலேயே சோளம் வைத்திருக்கவும் செய்யலாம். எப்படியிருந்தாலும் விசாரிக்க வந்தவர் அரைகுறையாக விசாரித்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு பூனையை மட்டும் பார்த்துவிட்டு என்ன தெரிந்துகொள்வீர்கள்? இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் உடம்பு எப்படி இருக்கிறது, இளைத்திருக்கிறதா, அந்த ஆள் சொன்னபடி பார்த்துக்கொள்கிறானா, எல்லாம் கேட்க வேண்டும். கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள்.

வழி உங்களுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர். நான் வழி காட்ட வருகிறேன், அவ்வளவுதான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

சாந்தாமணி உள்ளே போனில் பேசுவது கேட்கிறதா? தங்கையோடுதான். "பாலு கொஞ்சம் சேத்தி வாங்கி வெய்யி, ஆளு வருது" என்கிறாள். யார் வீட்டுக்கு யார் வருகிறார்களோ. நான் இந்தப் பேச்சிலெல்லாம் காது கொடுப்பதில்லை.

எழுந்திருங்கள், வெயில் தாழ்ந்துவிட்டது. பொறுங்கள், உங்கள் வண்டியின் பின்சீட்டில் என்னமோ இருக்கிறது. பிளாஸ்டிக் கூடை, கம்பிக் கதவு போட்டது, ஒரு பூனை கொள்ளும். இந்தச் சாந்தாமணி எப்போது கொண்டுபோய் வைத்தாள்? உள்ளே என் துண்டு வேறு விரித்திருக்கிறாள். இருக்கட்டும், எடுக்க வேண்டாம், நேரமாகிறது. அங்கே போனதும் முதலில் நீங்கள் இறங்குங்கள், நான் பின்னால் வருகிறேன்.

நல்லமுத்து கேட்டால், கூடை உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள்.